அட்டைப்படம் கீறுவது: முதல் அழைப்பிலிருந்து அச்சகம் வரை

“தம்பி, புத்தகத்துக்கு ஒரு படம் கீறித் தரவேணும். உங்கட கைக்கு இது சின்ன வேலைதானே.” கொழும்பில் தமிழில் படம் கீறுகிறவர்களுக்கு வேலை பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேரும். அழைக்கிறவர் கதாசிரியராக இருக்கலாம், பதிப்பாளராக இருக்கலாம், பாடசாலை மலர்க் குழுவில் இருக்கும் ஆசிரியையாக இருக்கலாம். “என்ன மாதிரி வேணும்?” என்று கேட்டால் மறுமொழி பத்தில் எட்டுத் தரம் ஒன்றுதான்: “நீங்களே பாத்துச் செய்யுங்கோ.” இந்த வார்த்தையைச் சுதந்திரம் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கக் கூடாது. கேட்டவர் மனதில் ஒரு படம் இருக்கிறது; அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். நீங்கள் நிறம் பூசி முடித்த பிறகுதான் அந்தப் படம் அவருடைய வாயிலிருந்து வெளியே வரும்.

ஆகவே பென்சிலை எடுக்கும் முன் கேள்விகள். புத்தகத்தின் வெட்டிய அளவு என்ன, எத்தனை பக்கம், உள்தாள் எது, அச்சகம் எது? பின்னட்டையில் என்ன வரும்: ஆசிரியர் படமா, குறிப்பா, ஐ.எஸ்.பி.என். (சர்வதேசப் புத்தக இலக்கம்) பட்டைக்குறியா? வெளியீட்டு விழா எந்தத் திகதி? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு இன்னும் ஒன்று கேளுங்கள்: “உங்களுக்குப் பிடித்த மூன்று அட்டைகளையும் பிடிக்காத ஒன்றையும் அனுப்புங்கள்.” பிடித்த மூன்றும் பெரிதாக ஒன்றும் சொல்லாது. பிடிக்காததுதான் எல்லாம் சொல்லும். “இது சரியான இருட்டு”, “இதில ஆள் முகம் தெரியுது” என்று வருகிற ஒற்றை வரியில் பாதி வேலை முடிந்துவிடும்.

விலையை அதே உரையாடலில் பேசி முடிப்பது நல்லது. மணித்தியாலக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 160 பக்கச் சிறுகதைத் தொகுதி என்றால் வாசிக்க 5 மணித்தியாலம், சிறுவரைவுகளுக்கு (சின்னப் பெட்டிகளில் கீறிப் பார்க்கும் முதல் யோசனைகள்) 3, பென்சில் வரைவுக்கு 4, நிறத்துக்கு 8, தலைப்பெழுத்துக்கு 3, கோப்புத் தயாரிப்புக்கும் அச்சகத்தோடு மல்லுக்கட்டவும் 2. மொத்தம் 25. புதிதாகத் தொடங்குகிறவர்கள் நிறம் பூசும் 8ஐ மட்டும் கணக்கில் எடுத்துவிட்டுப் பிறகு தலையில் கைவைப்பார்கள். பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: தொடங்கும்போது பாதி, பென்சில் வரைவு ஒப்புக்கொண்டதும் கால், கடைசிக் கோப்பு கைமாறுவதற்கு முன் கால். தெரிந்தவர் என்றால் விலையைக் குறைக்கலாம், முற்பணத்தைக் குறைக்காதீர்கள். முற்பணம் தராத சொந்தக்காரரின் புத்தகம் வெளிவராமலே போவதும் உண்டு.

ஒப்பந்தம் என்ற பெரிய சொல் வேண்டாம் என்றால் ஒரு மின்னஞ்சல் போதும். எத்தனை திருத்தம் (பென்சில் நிலையில் இரண்டு, நிறத்தில் ஒன்று என்பது நியாயமான அளவு), படத்தை எங்கே பயன்படுத்தலாம், மூலப்படம் யாருக்கு? இந்த மூன்றும் எழுத்தில் இருக்கவேண்டும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படைப்பின் பதிப்புரிமை படைத்தவரின் ஆயுட்காலமும் அதற்குப் பிறகு 70 ஆண்டும் நீடிக்கும். அட்டைக்குத் தந்த படத்தை அடுத்த வருடம் நாட்காட்டியில் காண விருப்பமில்லை என்றால், “இந்தப் பதிப்பின் அட்டைக்கும் அதன் விளம்பரத்துக்கும் மட்டும்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சிறுவரைவு

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 5 சென்ரிமீற்றர் அகலம், 8 சென்ரிமீற்றர் உயரத்தில் பெட்டிகள் போடுங்கள், ஒரு ஏ4 தாளில் ஆறு. தடித்த பேனா அல்லது 4பி பென்சில். கூரான பென்சில் கையில் இருந்தால் இமைமயிர் கீறத் தொடங்கிவிடுவீர்கள், அது இப்போது தேவையில்லை. குறைந்தது பன்னிரண்டு பெட்டியாவது நிரப்பவேண்டும். முதல் நான்கும் யாருக்கும் தோன்றக்கூடியவை. அவற்றைக் கீறித்தான் தீரவேண்டும், கீறினால்தான் தலையை விட்டுப் போகும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருக்கும் ஆட்களைப் பற்றிய சிறுகதைத் தொகுதி. முதல் நான்கு பெட்டியில் விமானம், பயணப்பெட்டி, கடலைப் பார்த்தபடி முதுகு காட்டி நிற்கும் ஒருவர், கடவுச்சீட்டு முத்திரை வந்து நிற்கும். நான்கும் சரி, நான்கும் ஏற்கெனவே பார்த்தவை. இனிக் கதைகளுக்குள் திரும்பிப் போங்கள். வாசிக்கும்போதே பொருட்களின் பட்டியல் ஒன்று எழுதி வைத்திருக்கவேண்டும்: உணர்ச்சிகளை எழுதாதீர்கள், கண்ணால் காணக்கூடியதை எழுதுங்கள். சாவியில் தொங்கும் இலக்கத் தகடு. கட்டிலுக்கு அடியில் செருப்பு நான்கு சோடி. பல்கனிக் கொடியில் காயும் சாரம், துவாய், படுக்கை விரிப்பு.

படுக்கை விரிப்பில் நில்லுங்கள். அட்டையில் தலைப்புக்கு வெற்றிடம் வேண்டும். விரிப்பு வெள்ளை, சதுரம், பெரியது. தலைப்பு அதற்குள்ளேயே உட்காரும். படமும் எழுத்தும் ஒன்றையொன்று தள்ளாமல் ஒரே பொருளில் சந்திக்கிற இடம் கிடைத்தால் சிறுவரைவு வென்றுவிட்டது.

இப்போது ஒரு சிக்கல். மனதில் வருவது அறைக்குள் நின்று பல்கனி வழியாகக் கடலைப் பார்க்கும் கோணம். வெள்ளவத்தைக் கடல் மேற்கே இருக்கிறது. காலையில் கட்டடத்தின் நிழல் பல்கனியில் விழும். பின்னேரம் வெயில் கடல் பக்கமிருந்து, விரிப்பின் முதுகில் விழும். இரண்டு நேரத்திலும் அறைக்குள் இருந்து பார்ப்பவருக்கு விரிப்பு வானத்தை விட இருட்டாகத்தான் தெரியும். அதன்மேல் கறுப்புத் தலைப்பு அமிழ்ந்துபோகும். வானத்தை வேண்டுமென்றே இருட்டாக்கி விரிப்பை வெளிச்சமாக்கினால் ஏதோ பிசகு என்று பார்ப்பவருக்குத் தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது. தீர்வு, கோணத்தை மாற்றுவது. ரயில் பாதைப் பக்கம் நின்று கட்டடத்தை நோக்கிப் பாருங்கள். பின்னேர வெயில் நேரே விரிப்பில் விழுகிறது, பின்னால் அறைக்கதவு இருட்டாகத் திறந்து கிடக்கிறது. வெள்ளைமேல் கறுப்புத் தலைப்பு, வெள்ளைக்குப் பின்னால் கறுப்புக் கதவு. கடல் படத்திலிருந்து போய்விட்டது. வேண்டுமென்றால் யன்னல் கண்ணாடியில் ஒரு கீற்று நீலமாக வைக்கலாம், அதுவே போதும். இந்த மாற்றம் சிறுவரைவில் ஐந்து நிமிட வேலை. நிறம் பூசிய பிறகு என்றால் மூன்று நாள்.

மூன்று சிறுவரைவை மட்டும் காட்டுங்கள், நான்கைக் காட்டாதீர்கள். உங்களுக்கே பிடிக்காத ஒன்றை எண்ணிக்கைக்காகச் சேர்த்து அனுப்பினால் அவர் அதைத்தான் தெரிவுசெய்வார். இது இந்தத் தொழிலில் சட்டம் மாதிரி.

சாம்பல் நிறமும் சரிபார்ப்பும்

தெரிவான வரைவை வெள்ளை, இடைச்சாம்பல், கறுப்பு என்ற மூன்று தொனியில் மட்டும் பெரிதாக்குங்கள். கைத்தொலைபேசியில் பெருவிரல் நகமளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். இன்று அட்டையை முதலில் காண்பது பேஸ்புக்கில், கடைத் தட்டில் பிறகுதான். நகமளவில் உருவம் கலங்கினால் நிறம் அதைக் காப்பாற்றாது.

பிறகு விவரம் சரிபார்த்தல். யாழ்ப்பாணத்து முற்றத்தைக் கீறச் சொன்னால் இணையத்தில் கிடைத்த தென்னையை வைத்துவிட்டு அதைப் பனை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பனையோலை விசிறி மாதிரி விரியும், தென்னோலை இறகு மாதிரி இருபக்கம் பிரியும். வேலியில் இருக்கும் கிடுகு தென்னோலையில் பின்னியது. வீட்டில் இருக்கும் ஆண்களுக்கு வேட்டியா சாரமா என்பது கதையில் வரும் வேளையைப் பொறுத்தது. வாசகர்கள் கடிதம் எழுதுவது இந்த மாதிரி விசயத்துக்குத்தான். இணையப் படம் ஒன்றையே பார்த்து அப்படியே கீறுவது களவு, அதோடு பிடிபடும் களவு. குறைந்தது மூன்று மூலங்களைக் கலவுங்கள், அதில் ஒன்றாவது நீங்களே எடுத்த புகைப்படமாக இருக்கட்டும்.

அளவுக் கணக்கு

நிறத்துக்குப் போகும் முன் கோப்பின் அளவைச் சரியாக அமையுங்கள். வெட்டிய அளவு 140 × 215 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 160 பக்கம் என்றால் 80 தாள். சதுர மீற்றருக்கு 80 கிராம் உள்ள வெள்ளைத்தாளில் ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர், ஆகவே முதுகு 8 மில்லிமீற்றர். முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றும் ஒரே கோப்பு: 140 + 8 + 140, வெட்டுவதற்காகச் சுற்றிவர 3 மில்லிமீற்றர் கூடுதல். மொத்தம் 294 × 221 மில்லிமீற்றர். 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) இது 3473 × 2611 பிக்சல். பெயர், தலைப்பு எதுவும் வெட்டும் கோட்டுக்கு 8 மில்லிமீற்றருக்குள் வரக்கூடாது, கத்தி எப்போதும் கொஞ்சம் அலையும்.

முதுகுதான் அடிக்கடி சதி செய்யும் இடம். கடைசி நேரத்தில் விலை பார்த்துப் பதிப்பாளர் தாளை மாற்றுவார். பாரம் குறைந்த, தடித்த தாளுக்கு மாறினால் அதே 160 பக்கம் 12 மில்லிமீற்றராகிவிடும், முன், பின் அட்டைகளின் ஓரம் முதுகுக்கு மேல் ஏறும். அச்சகத்துக்குப் போய் அந்தத் தாளில் 80ஐ எண்ணி அடுக்கி அடிமட்டத்தால் அளந்துவிட்டு வாருங்கள். முதுகுக்கென்று தனி நிறப்பட்டி வைக்காமல், பின்னணியை மூன்று பகுதிக்கும் தொடர்ச்சியாக ஓடவிடுவதும் உதவும். இரண்டு மில்லிமீற்றர் நகர்ந்தாலும் யாருக்கும் தெரியாது.

பின்னட்டையின் கீழ் மூலையில் பட்டைக்குறிக்கு இடம் விடுங்கள். அதன் முழு அளவு ஏறத்தாழ 37 × 26 மில்லிமீற்றர், பின்னால் வெள்ளை வேண்டும். ஐ.எஸ்.பி.என். இலக்கத்தைக் கொழும்பு 7 சுதந்திர மாவத்தையில் உள்ள தேசிய நூலகத்தில்தான் பதிப்பாளர் எடுப்பார். அது வர முன் நீங்கள் அழகான முகம் ஒன்றை அந்த மூலையில் கீறி வைத்திருந்தால் பட்டைக்குறி அந்த முகத்தின்மேல் ஒட்டப்படும்.

நிறம்

நீர்வர்ணத்தில் செய்கிறவர்களுக்குக் கொழும்பின் ஈரக்காற்று நிரந்தரப் பங்காளி. 300 கிராம் பருத்தித்தாள் எடுங்கள். 200 கிராமுக்குக் கீழே போனால் அலை அலையாக எழும்பும். முதல் பூச்சு காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்து முடிவெடுக்காதீர்கள். புறங்கையை மெல்ல வையுங்கள், குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதன்மேல் அடுத்த பூச்சைப் போட்டால் பூக்கோவா விரிந்த மாதிரிக் கறை வரும். மேலே மின்விசிறி ஓடும்போது தாளின் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து கடும் விளிம்பு விழும். வானம் மாதிரிப் பெரிய பூச்சுக்கு விசிறியை நிறுத்திவிடுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. வாங்கிய தாளைத் திறந்து வைத்தால் மாரி காலத்தில் தாளின் மேற்பசை பழுதாகும். பிறகு நிறம் வைத்தால் அங்கங்கே மையொற்றுத்தாள் மாதிரி உறிஞ்சிப் புள்ளி விழும். அந்தத் தாளைக் காப்பாற்ற வழியில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமாக மூடிய பையில் வையுங்கள்.

ஸ்கான் எடுக்கும்போது அதே அளவில் அச்சிட 300 டி.பி.ஐ. காணும், பெரிதாக்கப்போவதென்றால் 600. மெல்லிய பூச்சுகளை ஸ்கானர் விழுங்கிவிடும். மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்துங்கள். குழல்விளக்கின் கீழ் தொலைபேசியில் எடுத்த படம் எதற்கும் உதவாது.

கணினியில் செய்கிறவர்களின் பிரச்சினை வேறு. திரையில் ஒளிர்கிற நீலமும் பச்சையும் அச்சில் அதே மாதிரி வராது. தொடக்கத்திலிருந்தே சி.எம்.வை.கே. (சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மை) முன்னோட்டத்தை இடைக்கிடை போட்டுப் பாருங்கள். கடல் நீலத்தில் மஜென்டா சயானை விட 30 வீதமாவது குறைவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கடல் கத்தரிப்பூ நிறமாகும். நான்கு மையும் சேர்ந்த மொத்தம் 300 வீதத்தைத் தாண்டினால் மை காயாமல் அடுத்த தாளில் ஒட்டும். சிறிய எழுத்துகள் கறுப்பு மையில் மட்டும் இருக்கவேண்டும். நான்கு மையிலும் வைத்தால் அச்சு ஒரு மயிரளவு விலகினாலும் எழுத்துக்குச் சிவப்பு நிழல் விழும். நம் உதாரணத்தில் விரிப்பின் வெயில் பக்கம் வெறும் வெள்ளை ஆகாது, மஜென்டா 4, மஞ்சள் 12 என்று ஒரு சூடு கொடுங்கள். மடிப்பு நிழலுக்குக் கறுப்பைத் தொடவே வேண்டாம், சயான் 15, மஜென்டா 12, மஞ்சள் 5 போதும். கறுப்பால் நிழல் போட்ட துணி அழுக்குத் துணியாகத் தெரியும்.

பளபளப்பில்லாத லமினேசன் என்றால் இருட்டுப் பகுதிகள் இன்னும் மங்கும், கதவின் இருட்டுக்குள் நீங்கள் ஒளித்து வைத்த நுணுக்கங்கள் காணாமல் போகும். முதலே கேட்டுவையுங்கள்.

தலைப்பெழுத்து

தமிழ்த் தலைப்பு அகலம் கூடியது. ‘காத்திருப்பு’ என்ற ஒற்றைச் சொல்லே அட்டையின் குறுக்களவை எடுத்துக்கொள்ளும். மேலே புள்ளியும் மேல்விலங்கும், கீழே ருவின் வாலும் இருக்கிறபடியால் இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். வரி இடைவெளியைக் கண்ணால் பார்த்துத் தள்ளுங்கள். கையால் எழுதுகிறவர்கள் முதலில் புள்ளிகளின் உயரத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டால் எழுத்துத் துள்ளாது.

தட்டச்செழுத்தென்றால் இரண்டு பொறி இருக்கிறது. இங்கே பல அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருதான் ஓடுகிறது. அதில் அடித்த எழுத்து அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும். யூனிகோட் எழுத்தோ, போட்டோசொப்பிலோ இலஸ்ரேட்டரிலோ தெற்காசிய எழுத்து அமைப்பைத் தெரிவுசெய்யாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கக்கூடும். இரண்டுக்கும் மருந்து ஒன்று: எழுத்தை உருவக்கோடாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றிவிட்டு, பிறகு ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டு வாசியுங்கள். ஆசிரியரின் பெயரையும்தான்.

அனுப்புதல்

கடைசிக் கோப்பு பி.டி.எப்., வெட்டுக்குறிகளோடு. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், அந்தச் சுருங்கிய படத்தையே அச்சடித்துவிடுகிறவர்களும் உண்டு. ஆவணமாக அனுப்புங்கள், அல்லது இணைப்பாக. மாதிரிக்கு அனுப்பும் படங்கள் 1000 பிக்சலுக்கு மேல் போகவேண்டாம். பணம் வர முன் அச்சுக்குப் போகிற அளவில் எதுவும் கைமாறக் கூடாது. பெரிய அச்சோட்டத்துக்கு முன் ஒரேயொரு அட்டையை டிஜிட்டலில் அச்சடித்து, மடித்து, அதே பக்கமுள்ள ஒரு புத்தகத்தைச் சுற்றிப் பாருங்கள்.

தனக்காகக் கீறும்போது

கேட்பவர் இல்லாத படம் இலகு என்று நினைக்க வேண்டாம். “போதும், விடுங்கோ” என்று சொல்ல ஆளில்லை, அதுதான் பெரும்பாலான சொந்தப் படங்கள் சேறாவதற்குக் காரணம். ஆகவே உங்களுக்கே நிபந்தனை போடுங்கள்: ஒரே அளவு, மூன்றே நிறம், ஆறு படம், ஆறு கிழமை. தொடராகச் செய்யும்போது இரண்டாவது படத்தில் பிழைத்ததை மூன்றாவதில் திருத்தலாம். ஒற்றைப் படத்தையே சுரண்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கைக்கடக்கமான ஏ6 கொப்பி ஒன்று, ஒரு கறுப்புப் பேனா. 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதியால் போகும்போது முழு ஆளைக் கீற முயலாதீர்கள், அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவார். பின்தலையும் தோளும் மட்டும். ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவிலிருந்து வரும் நாளில் இரதத்தை விட்டுவிட்டு அதைப் பார்க்கிற ஆட்களைக் கீறுங்கள், அவர்கள் அசையாமல் நிற்பார்கள். துறைமுகம், படையினர் காவல் நிற்கும் இடங்கள் பக்கம் கொப்பியைத் திறக்காமல் வேறிடம் போவது நல்லது. கோட்டில் தடுமாற்றம் இருந்தால் பொரளை கோதமி விகாரைக்குப் போய் ஓவியர் ஜோர்ஜ் கீற் 1940ஐ ஒட்டிக் கீறிய சுவரோவியங்களுக்கு முன்னால் அரைமணித்தியாலம் நில்லுங்கள். ஒரு தோளிலிருந்து விரல்வரை எத்தனை கோடு செலவழித்திருக்கிறார் என்று எண்ணுங்கள். பார்ன்ஸ் பிளேசில் உள்ள சபுமல் மன்றத்தில், 1943இல் தொடங்கிய நவீன ஓவியர் கூட்டமான 43 குழுவினரின் படங்கள் இருக்கின்றன. அதுவும் ஒரு நாளுக்குக் காணும்.

இந்தக் கொப்பிதான் அடுத்த வேலையின் முதலீடு. விரிப்புக் காயும் பல்கனி ஏற்கெனவே அதில் இருந்தால் சிறுவரைவுக்கு 3 மணித்தியாலம் தேவைப்படாது.

விற்க நினைத்தால், 1993 முதல் நடந்துவரும் கலா பொல என்ற ஓவியச் சந்தை இருக்கிறது. அது கூடுவது ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் நடைபாதையில். கலையைப் பற்றி எழுதியே பெயர் பெற்ற, 1877இல் கொழும்பில் பிறந்த தமிழரின் பெயரிலுள்ள வீதி. திறந்த வெளி, ஆகவே காற்றில் பறக்காத பாரமான சட்டங்கள் வேண்டும். மூலப்படம் வாங்க எல்லோருக்கும் வசதி வராது, பிரதிகளும் வையுங்கள். எளிதில் மங்காத பிக்மன்ட் மையில், பருத்தித்தாளில், இத்தனைதான் என்று முதலே தீர்மானித்து, இடது கீழே பென்சிலால் 3/20 என்ற மாதிரி இலக்கம், வலது கீழே கையொப்பம். இருபதுக்கு மேல் இருபத்தோராவது அடிக்காதீர்கள். நீர்வர்ண மூலத்தைச் சட்டம் போடும்போது தாள் கண்ணாடியில் படாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். சட்டக்காரர் “தேவையில்லை, வடிவா இருக்கும்” என்பார். இரண்டு மாரி போனால் தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் நிறம் கண்ணாடியோடு வரும்.